ராத்திரி வேலைக்குத் தனிப் படி: வாய்ச் சொல்லா, கையெழுத்தா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பை எண்ணி, தவணையைக் கணக்கில் எழுதி முடித்த பிறகு, ஓர் அக்கா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவர் மகளின் சம்பளச் சீட்டு. மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி பார்த்தால் ஓர் இரவுக்கு 150 ரூபாய் தனியாக வரும். மாதம் எட்டு நைட், 1,200 ரூபாய். அந்தப் பணத்தில்தான் அக்கா குழுக் கடனுக்குத் தவணை கட்டி வந்தார். இந்த மாதச் சீட்டில் அந்த வரியே இல்லை. கேட்டதற்கு, "இனி எல்லா ஷிப்டுக்கும் ஒரே சம்பளம், நிர்வாகத்தின் முடிவு" என்று சொல்லிவிட்டார்களாம்.

"இப்படித் திடீர்னு நிறுத்தலாமா?" என்று அக்கா கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். நர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, றால் கம்பெனிக்கும் மில்லுக்கும் ராத்திரி வேன் ஏறிப் போகிற நம் எல்லோருக்கும் இது வேண்டியது.

மூன்று தாள்கள்

வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் மூன்று தாள்கள் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று சட்டம். இரண்டாவது ஒப்பந்தம்: தொழிற்சங்கமும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. மூன்றாவது நிர்வாகம் தானாகப் போடுகிற விதி, சுற்றறிக்கை. சட்டத்துக்குக் கீழே ஒப்பந்தம் போக முடியாது. ஒப்பந்தத்தை மீறி நிர்வாகத்தின் விதி போக முடியாது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கி, போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை போன்ற நிபந்தனைகளை விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி பெண்ணின் சம்மதம் இருந்தால்தான் இரவு வேலை. பணி நியமனக் கடிதமும் சம்பளச் சீட்டும் கொடுக்க வேண்டும். கூடுதல் நேரம் பார்த்தால் இரண்டு மடங்கு கூலி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூடுதல் நேரம் வேறு, இரவு நேரம் வேறு. இரவு ஷிப்டில் வழக்கமான நேரம் மட்டுமே வேலை பார்த்தவருக்குத் தனியாகப் படி கொடுத்தே ஆக வேண்டும் என்று எல்லாத் தனியார் நிறுவனங்களுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால்தான் இரண்டாவது தாள் நமக்கு முக்கியம்.

ஒப்பந்தத்தின் பலம்

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை கேட்டு நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் நம் துறைமுகத்தைப் பாருங்கள். பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்கள் 2024 ஆகஸ்ட் 28 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். முந்தின நாளே பேச்சுவார்த்தையில் உடன்பாடு வந்தது. 8.5 சதவீத உயர்வு, 2022 ஜனவரி 1 முதல் 2026 டிசம்பர் 31 வரை என்று காலமும் குறித்தார்கள். எவ்வளவு, எப்போதிருந்து, எதுவரை என்று மூன்றும் தாளில் இருக்கிறது. நாளைக்கு ஓர் அதிகாரி மாறினாலும் தாள் மாறாது.

கடல் தாண்டிப் போன நம் நர்ஸ் பிள்ளைகளும் இதையே சொல்வார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில், தொழிற்சங்கங்களோடு செய்த உடன்பாட்டின்படி, நர்ஸ்களுக்கு இரவு 8 முதல் காலை 6 வரையிலான வேலைக்கு 30 சதவீதம் கூடுதல். ஞாயிறு என்றால் 60 சதவீதம்.

அரசு வேலையிலும் தகராறு

நம் நாட்டில் மத்திய அரசு 2020 ஜூலை 13 அன்று இரவுப் பணிப் படிக்கு ஓர் ஆணை போட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் 10 நிமிடம் கூட்டிக் கணக்கிட வேண்டும். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான தொகை.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டும் சேர்த்து 40,000 ரூபாய் என்றால் மணிக்கு 200 ரூபாய். எட்டு மணி நேர இரவுக்கு 80 நிமிடம் கூடுதல். அதற்கு ஏறக்குறைய 267 ரூபாய்.

அதே ஆணை, அடிப்படைச் சம்பளம் 43,600 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களுக்குப் படி இல்லை என்றது. ரயில்வேயில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு நின்றுபோனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஸ்டேஷன் மாஸ்டர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். அரசு வேலையானாலும் இழுபறி உண்டு; சங்கம் இருப்பதால் கேட்க ஆள் இருக்கிறது.

திடீரென்று நிறுத்தினால்?

படி, வேலை நேரம், ஷிப்ட் முறை இவற்றை மாற்ற நினைக்கும் முதலாளி, முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாள் முடியும்வரை மாற்றக் கூடாது. பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒப்பந்தம் இருந்தால் இன்னும் பலம். அதன் காலம் முடிந்த பிறகும், முடித்துக்கொள்கிறோம் என்று ஒரு தரப்பு எழுதிக் கொடுத்து 60 நாள் ஆகும்வரை அது செல்லும்.

ஒரு எச்சரிக்கை: தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆஸ்பத்திரிகள் புதிய தொகுப்பில் "தொழில்" என்ற கணக்கில் வராமல் போகலாம். அங்கே வேலை பார்ப்பவர்கள் முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

1. நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் குழுப் பாஸ்புக் மாதிரி பத்திரமாக வையுங்கள்.

2. நைட் பார்த்த தேதிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். டூட்டிப் பட்டியலை முடிந்தால் நகல் எடுங்கள்.

3. படி நின்றால், எந்த ஆணைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

4. பதில் இல்லை என்றால் சங்கத்திடம் போங்கள். சங்கம் இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

அந்த அக்காவின் மகள் வீட்டுப் பெட்டியைத் துழாவி நியமனக் கடிதத்தை எடுத்தாள். இரவுப் படி என்ற வரி அதில் இருந்தது. உடன் வேலை பார்க்கும் ஏழு பேரும் அவளோடு சேர்ந்து மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறோம். அதுவரை அக்காவின் தவணைக்கு இரண்டு மாதம் பொறுக்கலாம் என்று குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

கூட்டத்தில் பேச:

நம் குழுவில் எத்தனை வீட்டில் ராத்திரி வேலைக்குப் போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் கையில் நியமனக் கடிதம் இருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அதை எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.