மணிக்கட்டு சொல்வதைக் கேள்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் தேங்காய் உரிக்கும் கருவியின் படமும் கிடைத்தன. நெம்புகோல் நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால், பத்துக் காய் உரித்ததும் மணிக்கட்டு வலிக்கிறது என்று அம்மா சொல்வதாகவும், அவருக்கு எந்திரம் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்ட முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா ஒரு கொல்லரின் மகன். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ராணுவ வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சின்ன எஞ்சின்கள் அவர் கைக்கு வந்தன. ஹமமட்சு நகரில் அவற்றைச் சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் டேங்க், படுக்கையில் கால் சூட்டுக்கு வைக்கும் வெந்நீர்க் கலன். ஓட்டிப் பார்த்தவர் மனைவி சச்சி. ஊரைச் சுற்றி வந்து இறங்கியபோது, கார்புரேட்டரிலிருந்து பின்னுக்குத் தெறித்த எண்ணெயால் அவருடைய நல்ல உடுப்பு பாழாகியிருந்தது. இப்படி விற்றால் வாங்குகிறவர்கள் திட்டுவார்கள் என்றார். விற்பனைக்குப் போகுமுன் அந்தக் குறை திருத்தப்பட்டது.

ஹோண்டா முன்கோபி, பிடிவாதக்காரர். 1960-களின் கடைசியில், கார் எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று நின்றார். தண்ணீர்தான் சரி, அப்போதுதான் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்துப் புகையின் நச்சைக் குறைக்கலாம் என்றார்கள் இளம் பொறியாளர்கள். நீங்கள் நிறுவனத்தின் தலைவரா, பொறியாளரா என்று கூட்டாளி தக்கேயோ ஃபுஜிசாவா கேட்டார். ஹோண்டா விட்டுக்கொடுத்தார்.

அந்த இளைஞர்கள் 1972-இல் தந்ததுதான் சி.வி.சி.சி. எஞ்சின். சிறு அறையில் செறிந்த கலவையைப் பற்றவைத்து, அந்தச் சுடரால் பெரிய அறையின் நீர்த்த கலவையை எரிக்கும் முறை. அமெரிக்காவின் கடுமையான புகை விதியை வினையூக்கி எதுவும் இல்லாமலே அது எட்டியது. பெரிய கம்பெனிகளை முந்த இதுவே தருணம் என்று ஹோண்டா மகிழ்ந்தார். நாங்கள் கம்பெனிக்காகச் செய்யவில்லை, சமூகத்துக்காகச் செய்தோம் என்றார்கள் இளைஞர்கள். தன் காலம் முடிந்தது என்று அவருக்கு அப்போது புரிந்தது. 1973-இல், 66 வயதில், ஃபுஜிசாவாவோடு சேர்ந்தே விலகினார். பிள்ளைகளை நிறுவனத்துக்குள் கொண்டுவருவதில்லை என்பதிலும் இருவரும் உறுதியாக இருந்தார்கள். மகன் ஹிரோதோஷி தனியாக முகென் என்ற பட்டறையைத் தொடங்கிப் பந்தய எஞ்சின்கள் செய்தார்.

ஓய்வுக்குப் பின் ஹோண்டா ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எண்ணெய்க் கையை ஒருவர் கூச்சத்தோடு இழுத்துக்கொண்டபோது, அந்தக் கைதான் வேண்டும் என்று பற்றிக்கொண்டார்.

தம்பி, கருவியைப் பிடிக்கிற கைக்குத் தெரிவது வரைபடத்துக்குத் தெரியாது. கடப்பாரையில் காய் உரித்து வளர்ந்தவர் அம்மா. நாளைக் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயே பத்துக் காய் உரி. பதினோராவது காயில் உன் மணிக்கட்டு பேசும். அதன் பிறகு கைப்பிடியைத் திரும்ப வரை.

அன்புடன்,
அண்ணன்