கருவியும் மனமும்

புதிய மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றுதல் எளிது. ஊழியர் மனத்தில் ஏற்றுதலே அரிது. 1989-இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ், அலுவலர்கள் தம் குறிப்புகளைப் பகிர்ந்து, சேர்ந்து பணிபுரிய உதவும் மென்பொருள். அதனை வாங்கிய பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நிகழ்ந்ததை ஆராய்ந்து, அமெரிக்கப் பேராசிரியை வாண்டா ஓர்லிகோவ்ஸ்கி 1992-இல் எழுதினார்.

ஊழியர் பலருக்கு அதன் பயன் விளங்கவில்லை. வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறும் நேரமே மதிக்கப்பட்டதால், கற்கும் நேரம் இழப்பாயிற்று. பதவி உயர்வு பெறாதோர் வெளியேற வேண்டிய அந்நிறுவனத்தில், தாம் அறிந்ததைப் பிறர்க்குக் கொடுக்க இளையோர் தயங்கினர். பதவி உறுதிப்பட்ட மூத்தோர்க்கோ அத்தயக்கம் குறைவு.

ஆகவே, கற்பதற்கு ஊதியத்துடன் நேரமும், பகிர்வோர்க்குப் பதவி உயர்வில் மதிப்பும் முதலில் தருக. ஊழியரைக் குறை கூறுதல் பின்னர் ஆகட்டும் என்பேன் நான்.