டிராக்டர் இழுக்கும், ஆனால் தாங்குமா?

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடிக்கும் வேலை தொடங்கிவிடும். தொழு உரம் அடித்த அதே டிரெய்லரில், அதே மட்டத்துக்கு வண்டலை நிரப்பி ஏரிக்கரை மேல் ஏற்றுவார்கள். உரத்தோடு சாதுவாக ஏறிய டிராக்டர் இப்போது பாதிக் கரையில் முன்சக்கரங்களைத் தூக்கும். "கொஞ்சம் தூக்கத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் உண்டு. முன்சக்கரம் தரையை விட்டால் ஸ்டீரிங் பயன்படாது. மேலும் எழும்பி டிராக்டர் பின்புறமாகக் கவிழ ஓரிரு நொடி போதும். ஓட்டுகிறவர் குதித்துத் தப்ப அவகாசம் இராது.

மாட்டுவண்டிக்குப் பாரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு இறுகும். எப்படியானாலும் மாடு நின்றுவிடும், வண்டிக்காரர் இறங்கிப் பாரத்தைத் தள்ளி வைப்பார். டிராக்டர் அப்படி நின்று எச்சரிக்காது.

இரண்டு சக்கர டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரங்களில் இறங்குவதில்லை. ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்புறத்தில் உட்காருகிறது. ஆகவே டிராக்டர் எத்தனை டன் இழுக்கும் என்று மட்டும் கேட்பது அரைக் கணக்கு. எத்தனை கிலோ தாங்கும் என்பதே மீதிக் கணக்கு. அமெரிக்காவில் பிக்அப் வண்டிக்குப் பின்னால் வீடு போன்ற டிரெய்லரைப் பூட்டிச் சுற்றுலா போகிறவர்களும் இங்கேதான் இடறுகிறார்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதம் வரை கொக்கியில் இறங்கும். வண்டியில் ஏறிய ஆட்கள், சாமான்களோடு அதையும் பிக்அப்பின் சுமையில் சேர்க்க வேண்டும்.

நம் டிரெய்லருக்கு வருவோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரமுள்ள பெட்டி ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது 100 கன அடி கொள்ளும். மக்கிய உரம் நிரப்பினால் சுமார் ஒன்றே முக்கால் டன். ஈர வண்டல் என்றால் 4 டன்னுக்கு மேல். ஆற்று மணல் காய்ந்திருந்தாலே நாலரை டன். நனைந்திருந்தால் இன்னும் அதிகம். பெட்டியின் மட்டத்தைப் பார்த்துப் பாரத்தை மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே தெரியும்.

உதாரணமாக, 1,900 கிலோ எடையுள்ள டிராக்டரில் முன்சக்கரங்களின் மேல் 750 கிலோ இருப்பதாகக் கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2 மீட்டர். கொக்கி பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டல் டிரெய்லர் கொக்கியில் 1,000 கிலோ இறக்கினால், நெம்புகோல் கணக்குப்படி முன்புறத்தில் 350 கிலோ குறையும். பத்துக்கு ஒன்று சரிவான மண்கரையில் ஏற 1,000 கிலோ அளவு இழுவிசை தேவைப்படலாம். அந்த இழுவிசையே இன்னும் 250 கிலோவைக் குறைக்கும். சரிவில் டிராக்டரின் சொந்த எடை பின்னே சாய்வதால் மேலும் 75 கிலோ போகும். மிஞ்சுவது 75 கிலோதான், ஒரு ஆளின் எடை. அந்த நேரத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்புறம் எழாமல் என்ன செய்யும்?

கொக்கியை உயர்த்திப் பூட்டினால் ஆபத்து இன்னும் கூடும். மேல் இணைப்புத் தண்டில் சங்கிலி கட்டி இழுப்பது ஒருபோதும் கூடாது.

சமதரையில் முன்சக்கரங்களின் மேல், டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதைப் பார்க்கப் பெரிய சாதனம் தேவையில்லை. ஊருக்கு அருகிலுள்ள எடைமேடையில், பாரத்தோடு பூட்டிய டிராக்டரின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினால் போதும். மேற்சொன்ன டிராக்டருக்கு 380 கிலோவுக்குக் கீழே காட்டினால் பாரத்தைக் குறைக்க வேண்டும். கரை ஏறும் வேலையானால் 380 கூடப் போதாது. முன்புறம் இரும்புப் பாளங்கள் மாட்டுவது உதவும், ஆனால் பிரேக்கின் பலத்தை அது கூட்டாது.

கொக்கிப் பாரம் கெடுதல் என்று எண்ணிப் பாரத்தைப் பின்னே தள்ளுவதும் தவறு. அப்போது கொக்கி டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். பெரிய சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழலும், சாலையில் டிரெய்லர் வாலாட்டும். ஜே.சி.பி. கொட்டிய குவியலை அப்படியே விடாமல் மண்வெட்டியால் பரப்பி, பாரத்தின் நடுப்பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி செய்ய வேண்டும். நான்கு சக்கர டிரெய்லரில் கொக்கிப் பாரத் தொல்லை அநேகமாக இல்லை.

கரை இறங்கும்போது ஆபத்து திசை மாறுகிறது. பிரேக் இல்லாத டிரெய்லர் ஐந்து டன்னோடு பின்னாலிருந்து தள்ளும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்; கிளட்சை மிதிக்கவோ நியூட்ரலில் விடவோ கூடாது. உழவில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இடது, வலது பிரேக் மிதிகளை வயலை விட்டு ஏறுமுன்பே கொண்டி போட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் கரையோரமாகத் திரும்பிவிடும்.