வலசைப் பறவை சுமக்கும் அசைவுமானி
கடலோர மக்களும் உழவர்களும் அறிய வேண்டியவை

ஆவணி, புரட்டாசி மாதங்களில் தொடங்கி, வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் பெருகி, பங்குனி, சித்திரையில் திரும்பிச் செல்லும் பறவைக் கூட்டத்தை நம் கடலோர மக்கள் நன்கு அறிவர். ஆலாக்கள் எங்கே விழுந்து விழுந்து எழுகின்றனவோ அங்கே மீன் திரள் உண்டு என்பது நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குப் புதிய செய்தியன்று. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் வரும் அடையாறு முகத்துவாரத்தின் சேற்றில் இரை தேடும் உள்ளான்களில் சில, சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை.

இப்பறவைகள் எவ்வழியே வருகின்றன? வழியில் எங்கே இரை எடுக்கின்றன? இவற்றை அறிய இன்று பறவையின் உடலில் ஒரு சிறு கருவி பொருத்தப்படுகிறது. அதைப் பற்றி இவ்வாரம் காண்போம்.

வளையத்திலிருந்து கருவிக்கு

பறவையின் காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விடுவது பழைய முறை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் டாக்டர் சாலிம் அலி 1959-இல் தொடங்கிய வலசை ஆய்வுத் திட்டம் இம்முறையிலேயே நடந்தது. நம் கோடியக்கரையிலும் ஏராளமான பறவைகளுக்கு வளையமிடப்பட்டுள்ளது. ஆனால் வளையம் பஸ் டிக்கெட்டைப் போன்றது. ஏறிய இடமும் இறங்கிய இடமும் தெரியும். வழியில் நடந்தது தெரியாது. அக்குறையை நீக்கவே புதிய கருவிகள் வந்தன.

கருவி வேலை செய்யும் விதம்

செல்போனைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் திரும்புகிறது அல்லவா? அதற்குக் காரணமான சிறு உறுப்புதான் அசைவுமானி. முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று திசைகளிலும் ஏற்படும் வேக மாற்றத்தை இது ஒரு விநாடிக்குப் பல முறை பதிவு செய்கிறது. சிறகடித்துப் பறந்தால் சீரான அலை போன்ற கோடு விழும். சிறகை விரித்து மிதந்தால் கோடு ஏறக்குறைய மட்டமாகும். சேற்றைக் கொத்தினால் விட்டு விட்டு வெட்டுகள் தெரியும். அசைவே இல்லாமல் கோடு நீண்ட நேரம் நின்றுவிட்டால், பறவை இறந்திருக்கலாம், அல்லது கருவி கழன்று விழுந்திருக்கலாம்.

அசைவுமானி இருப்பிடத்தைச் சொல்லாது. அதற்கு ஜி.பி.எஸ். வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ‘எங்கே’, ‘என்ன செய்தது’ ஆகிய இரு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும். சில கருவிகள் சூரிய ஒளியில் மின்னேற்றம் பெற்று, செயற்கைக்கோள் வழியாகவோ செல்போன் கோபுரம் வழியாகவோ செய்தி அனுப்பும். வேறு சில, செய்தியைத் தமக்குள்ளேயே சேமித்து வைக்கும். இவ்வகைக் கருவி திரும்பக் கைக்கு வந்தால்தான் உழைப்புக்குப் பலன் உண்டு.

எடைக் கணக்கு

மாட்டின் வலுவறிந்து பாரம் ஏற்றுவது போல இதற்கும் ஓர் அளவு உண்டு. கருவியின் எடை பறவையின் எடையில் 100-க்கு 3 பங்குக்கு மேல் போகலாகாது என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. இரண்டரைக் கிலோ எடையுள்ள வாத்துக்கு 75 கிராம் வரை ஏற்றலாம். 25 கிராம் எடையுள்ள சிறிய உள்ளானுக்கோ முக்கால் கிராம்தான் எல்லை. ஆகவே மிகச் சிறிய பறவைகளுக்கு இன்றும் கால் வளையமே பெரிதும் கைகொடுக்கிறது.

கண்டறிந்த உண்மைகள்

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து இமயத்தைத் தாண்டுவது. இதன் உடலுக்குள் அசைவையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்யும் கருவியை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. அது ஒரே உயரத்தில் பறப்பதில்லை. மலை ஏறினால் ஏறியும், பள்ளத்தாக்கு வந்தால் இறங்கியும் பறக்கிறது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே சிறகடிக்க அதிக உழைப்பு வேண்டும். இறங்கிப் பறந்து அது சக்தியை மிச்சப்படுத்துகிறது. மிக உயரமாக 7,290 மீட்டரில் இவ்வாத்து பறந்ததும் பதிவாகியுள்ளது.

நாகாலாந்தில் 2012-இல் ஆயிரக்கணக்கில் வலைவீசிப் பிடிக்கப்பட்ட அமுர் வல்லூறுகளில் மூன்றுக்கு, மறு ஆண்டு ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டது. அவை இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலையும் தாண்டி ஆப்பிரிக்கா செல்வது தெரிந்தது. அவ்வூர் மக்களே வேட்டையைக் கைவிட்டுக் காவலர்களாக மாறினர்.

உழவர்க்கு என்ன பயன்?

அமுர் வல்லூறு ஈசல் முதலிய பூச்சிகளைத் தின்பது. நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பதைக் கூந்தன்குளத்து மக்கள் அனுபவத்தில் கண்டவர்கள். மேலும், பறவைக் காய்ச்சல் பரவும் விதத்தை ஆராயவும் இக்கருவிகள் பயன்படுகின்றன. எந்த ஏரியில், எந்த முகத்துவாரத்தில் பறவை இரை எடுக்கிறது என்பது தெரிந்தால், எதைத் தூர்க்காமல் காக்க வேண்டும் என்பதும் தெரியும். மீன் குஞ்சு வளர்வதும் அதே முகத்துவாரத்தில்தான்.

வீண் சந்தேகம் வேண்டாம்

2023 மார்ச்சில் ஒடிசாவின் பாரதீப் அருகே மீன்பிடிப் படகில் கருவியுடன் ஒரு புறா பிடிபட, அது உளவுப் புறாவோ என்ற ஐயம் எழுந்தது. அதே ஆண்டு மும்பையில் பிடிபட்ட ஒரு புறா பல மாதம் கூண்டில் இருந்தது. அது தைவானிலிருந்து தப்பிய பந்தயப் புறா எனத் தெரிந்து, 2024 ஜனவரியில் விடுவிக்கப்பட்டது. கருவியுள்ள பறவையைக் கண்டால் அதிகாரிகளுக்குச் சொல்வது முறைதான். ஆனால் பயந்து பறவையைக் கொல்வதோ, கருவியை உடைத்துக் கடலில் எறிவதோ கூடாது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வலையில் சிக்கிய பறவையை இழுக்காதீர்கள். தலையைத் துணியால் மூடி, வலை நூலை அறுத்து விடுவியுங்கள். கருவியின் வாரை அறுக்காதீர்கள்.

2. காயம் இருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறையினருக்குத் தெரிவியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

3. கருவியிலும் கால் வளையத்திலும் உள்ள எழுத்து, எண், கண்ட இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. இறந்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். கோழிகளை அப்பக்கம் மேய விடாதீர்கள்.

5. கிழிந்த நைலான் வலையைக் கடலிலோ முகத்துவாரத்திலோ விடாமல் கரை சேருங்கள். விட்டுவிட்ட வலை மீனையும் பறவையையும் வீணே கொல்லும்.

ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த ஒரு பறவையின் கதை, கடைசியில் ஒரு மீனவரின் வலையிலோ ஓர் உழவரின் வரப்பிலோ கிடக்கக்கூடும். அதைக் குறித்துத் தெரிவிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கினால், அப்பறவையின் பயணம் வீண்போகாது.