மருத்துவர் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும்

அயல்நாட்டார் ஒருவர் இந்தியக் குழந்தையைச் சுவீகாரம் எடுக்க விரும்பினால், தமக்குத் தீராத நோயோ, தொற்றுநோயோ, உயிர்கொல்லும் நோயோ இல்லை என மருத்துவச் சான்று காட்ட வேண்டும். நியாயமான விதிதான். பெற்றோரை ஒருமுறை இழந்த குழந்தை மறுமுறையும் இழக்கலாகாது. ஆனால் மருத்துவர் கையெழுத்திட்ட பின்பு நோட்டரி முத்திரை எதற்கு? இந்த ஐயத்திற்கு விடை காண முயல்கிறேன்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மருத்துவர் கையெழுத்திடுகிறார். தில்லியில் ஓர் அதிகாரி அதைப் படிக்கிறார். கையெழுத்து அந்த மருத்துவருடையதுதான் என்பதை அதிகாரி எங்ஙனம் அறிவார்? குழந்தைகளை விலைபேசும் கயவர்களுக்குப் பொய்த்தாள் புனைவது எளிது. ஆதலால், லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் 1984ஆம் ஆண்டு நம் உச்சநீதிமன்றம், இத்தகைய ஆவணங்களை நோட்டரி உறுதிசெய்ய வேண்டும் என்றும், நோட்டரியின் கையெழுத்தை அந்நாட்டு அமைச்சக அதிகாரியோ இந்தியத் தூதரகமோ உறுதிசெய்ய வேண்டும் என்றும் நெறி வகுத்தது.

தூதரகம் வரை அலைவதைத் தவிர்க்க எழுந்ததே 1961ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம். அதன்படி ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே சான்று போதும். பத்து விவரங்கள் கொண்ட சதுரம் அது. பக்கம் 9 செ.மீ.க்குக் குறையலாகாது. அமெரிக்காவில் 1981இலும் இந்தியாவில் 2005இலும் இது நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் நோட்டரி இன்றியமையாதவர் ஆகிறார். அப்போஸ்டில் பொது ஆவணங்களுக்கு மட்டுமே உரியது. தனி மருத்துவரின் கடிதமோ தனியார் ஆவணம். நோட்டரியின் சான்று அதன்மீது ஏறினால், அந்தச் சான்று பொது ஆவணம் ஆகிவிடுகிறது. மருத்துவரை நோட்டரி அறிவார். நோட்டரியை மாநில அரசு அறியும். மாநில அரசின் அப்போஸ்டிலைத் தில்லி ஏற்கும். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது.

நடைமுறையில் முதற்கண்ணியே கடினம். சத்தியம் செய்து கையெழுத்திடும் ஆவணமாயின், நோட்டரியின் கண்முன் கையெழுத்திட வேண்டும். நோயாளிகளை விட்டு மருத்துவர் வெளியே வருவது அரிது. ஆகவே நோட்டரியை மருத்துவமனைக்கே அழைத்துச் செல்வோர் உண்டு. முத்திரையிலோ வாசகத்திலோ குறை இருந்தால் மாநில அலுவலகம் தாளைத் திருப்பிவிடும். அதற்குள் சான்று பழையதாகிவிட்டால் மறுபடியும் பரிசோதனை. அங்கே தாள் திரும்புகிறது. இங்கே குழந்தை காத்திருக்கிறது.

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்துவேன். நோட்டரி முத்திரை கையெழுத்துக்கே சான்று, உடல்நலத்திற்கு அன்று. வெப்பமானியின் பெட்டியில் உள்ள முத்திரை, நோயாளிக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லுமா? உண்மையைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையதே. முத்திரையின் பொலிவு கண்டு உள்ளே இருப்பதைப் படியாது விடுவது பெரும் பிழை.

மேற்படிப்புக்கு அயல்நாடு செல்லவிருக்கும் நண்பர்களுக்கும் இச்செய்தி பயன்படும். தமிழ்நாட்டில் பெற்ற பட்டச் சான்றிதழை வழக்கமாகத் தமிழ்நாட்டு அரசே முதலில் உறுதிசெய்யும். பின்னரே வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் இடும். நாம் படிக்கும் இம்மாநிலத்தில் அலைந்து பயனில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே அவ்வேலையை முடித்து வருவது நலம்.