தரை காய்ந்தால் போதுமா?



2021 டிசம்பர் 18-ஐக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும், நம் செமினி அடங்கிய உலு லங்காட் மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் வீடுகளுக்கு மட்டும் ஏற்பட்ட சேதம் 160 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

அடுத்த மாதமே பொங்கல். கழுவிட்டு உடனே சாயம் அடிச்சிடலாம்னுதான் எல்லாருக்கும் தோணும். பொறியியல் மாணவனாக நான் சொல்வது ஒன்றே: அவசரப்படாதீங்க. தரை காய்ந்த பிறகும் சுவர் ஈரமாகவே இருக்கும்.

ஏன்? செங்கல்லிலும் சிமெண்டுப் பூச்சிலும் நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிற மாதிரி, சுவரும் தண்ணீரை இழுக்கும். வெள்ளம் முழங்கால் அளவு நின்றால், ஈரம் அதற்கும் மேலே ஏறியிருக்கும். அதன்மேல் சாயம் பூசினால் கொப்புளித்து உரியும். ஈரத்தில் 24 முதல் 48 மணி நேரத்திலேயே பூஞ்சை வளரத் தொடங்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

சரி, எந்த வரிசையில் செய்யணும்?

1. மின்சாரம்: தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீங்க. நனைந்த வயரிங்கை உரிமம் பெற்ற வயர்மேன் சோதித்த பிறகே மெயின் சுவிட்சைப் போடணும்.

2. படம்: காப்புறுதிக்காக, கழுவும் முன்பே சேதங்களைப் படமெடுங்கள்.

3. சேறு: காய்ந்தால் இறுகிவிடும், ஈரமாக இருக்கும்போதே கழுவுங்கள். எலியின் சிறுநீரால் காய்ச்சல் பரவலாம். கையுறையும் பூட்சும் கட்டாயம். குளோராக்சைக் கழிவறை கழுவும் ஆசிட்டோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

4. காற்று: அலமாரிகளைச் சுவரை விட்டு நகர்த்தி, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். வயர்மேன் சரி என்ற பிறகு காற்றாடியும் போடலாம். உப்பிப்போன சிப்போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

5. சோதனை: ஒரு முழ அளவு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

காய வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள்கூட ஆகும். பழைய சாயத்தோடு பொங்கல் வைத்தால் பால் பொங்காமல் போகுமா என்ன?

செய்து பாருங்கள்: உங்கள் தாமானில் தனியாக வாழும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, முக்கியப் பத்திரங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். அடுத்த வகுப்பில் பேசுவோம்.