முற்றிய புற்றுநோயில் ஸ்டீராய்டு: வீட்டில் கொடுப்பதும் நிறுத்துவதும்

மருந்துச் சீட்டில் டெக்ஸாமெதசோன் என்ற பெயரைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “ஸ்டீராய்டா? உடம்பு ஊதிடுமே!” என்பார் ஒருவர். “அதைப் போட்டா பசி எடுக்கும், சதை பிடிக்கும்” என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. நோய் முற்றிய நிலையில் இந்த மாத்திரையைப் பெரும்பாலும் கட்டியைக் கரைக்கத் தருவதில்லை. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை வடியவைத்துத் தொல்லையைக் குறைக்கத்தான் தருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், ஆதரவு சிகிச்சைக்கான பகுதியிலேயே இதற்கு இடம் உண்டு. விலையும் மலிவு. அதனாலேயே கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கெடுதல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பம்.

முதல் வேலை, மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது. எந்தத் தொல்லைக்காக? எத்தனை மில்லிகிராம்? எந்தத் தேதியில் பலனைப் பார்த்து முடிவெடுப்போம்? பசியின்மை, அசதி, குமட்டல் என்றால் பொதுவாக நாளுக்கு 2 முதல் 4 மி.கி. போதும். கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே வலித்தால் 4 முதல் 8. மூளைக்குப் பரவிய கட்டியால் தலைவலியும் வாந்தியும் என்றால் 8 முதல் 16 வரை போகலாம். இந்த எண்கள் உங்கள் சீட்டில் இருப்பதைப் புரிந்துகொள்வதற்கு மட்டும். நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நோட்டில் மாத்திரை எண்ணிக்கையை எழுதாமல் மில்லிகிராமை எழுதுங்கள். கடைகளில் அரை மி.கி. மாத்திரையும் கிடைக்கிறது, 4 மி.கி. மாத்திரையும் கிடைக்கிறது. போன மாதம் அரை மி.கி.யில் நான்கு மாத்திரை கொடுத்துப் பழகிய கை, இந்த மாதம் 4 மி.கி. அட்டையிலிருந்தும் நான்கைப் பிய்த்துக் கொடுத்தால் 2 மி.கி. போக வேண்டிய இடத்தில் 16 போய்விடும். புது அட்டை வாங்கும்போதெல்லாம் பின்புறம் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும் நேரம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. இதன் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் உடம்பில் நிற்கும் என்பதால் பெரும்பாலானோருக்கு ஒரு வேளை போதும். இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லியிருந்தால், இரண்டாவது மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிட வேண்டும். ராத்திரி கொடுத்தால் நோயாளி விடிய விடிய விழித்திருப்பார், கூடவே வீடும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் அபாயம் கூடும். மருத்துவரிடம் சொன்னால் வலி மாத்திரையை மாற்றுவார், அல்லது கூடவே ‘கேஸ் மாத்திரை’ எழுதுவார். வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டின் பலனைக் குறைத்துவிடும்.

பலன் இருந்தால் சில நாட்களிலேயே தெரியும். “அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்” என்று போனில் சொல்லும் குரலிலேயே தெரிந்துவிடும். சந்தோஷப்படுங்கள், ஆனால் நோய் பின்வாங்கிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். இந்தப் பசி பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் மங்கிவிடும். எடை கூடினாலும் அது நீரும் கொழுப்பும்தான், இழந்த தசை மீள்வதில்லை. அந்த வாரங்களை வீணாக்காதீர்கள் என்பது என் கருத்து. பார்க்க ஆசைப்பட்ட பேரனை வரச்சொல்வது, வங்கிக் கையெழுத்து, சொல்லாமல் கிடக்கும் பேச்சு எல்லாவற்றையும் அப்போதே முடித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கொடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், “இது இன்னும் வேணுமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

தினமும் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்று. சாப்பாடு எரிகிறது, ருசியில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கும். வாயில் தடவும் மருந்திலேயே பெரும்பாலும் அடங்கும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்தது சர்க்கரை. இதுவரை சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ஏறலாம். காலையில் மாத்திரை போடுகிறவருக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாகவே காட்டும், சாயங்காலம்தான் எகிறும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை பாருங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

சில வாரம் போனபின் தரையிலிருந்தோ கழிப்பறையிலிருந்தோ கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், அதை வெறும் பலவீனம் என்று விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு தொடைத் தசையைக் கரைத்திருக்கலாம். அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. அதுவரை கமோடு நாற்காலியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் விழாமல் காக்கும். அமைதியானவர் திடீரென்று படபடவென்று பேசுவது, சந்தேகப்படுவது, அழுவது எல்லாம்கூட மருந்தின் வேலையாக இருக்கலாம். அவரிடம் சண்டைக்குப் போகாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியவை: தார் போல் கறுத்த மலம், ரத்த வாந்தி, குளிர் நடுக்கம், புதிதாக வரும் கடும் முதுகுவலியோடு கால் சோர்ந்துபோவது அல்லது சிறுநீர் அடைப்பு. கடைசியில் சொன்னது தண்டுவடம் நெருக்கப்படுவதன் அறிகுறி. மறுநாள் வரை பொறுத்தால் கால் திரும்பாமலே போகலாம். இன்னொன்று, ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். சூடு இல்லை என்பதற்காகத் தொற்று இல்லை என்று இருந்துவிட முடியாது.

மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். தலைசுற்றல், வாந்தி, அடித்துப்போட்டதுபோல் அசதி, ரத்த அழுத்தச் சரிவு வரும். மருத்துவர் எழுதித்தரும் படி வாரியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் பழைய தொல்லை தலைகாட்டுகிறதா என்று நோட்டில் குறியுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள். கடை அடைத்த தீபாவளியன்று தேட முடியாது.

விழுங்க முடியாத கட்டம் வந்தால் பொடித்துத் திணிக்க வேண்டாம், புரையேறும். அன்றே மருத்துவரையோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரையோ கூப்பிடுங்கள். தேவையிருந்தால் இதே மருந்தைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போடலாம். மூளைக் கட்டி உள்ளவருக்கு நிறுத்தினால் தலைவலியும் வலிப்பும் வரக்கூடும் என்பதால், என்ன செய்வது என்பதை அந்த நாள் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.